நீதியரசரின் வீடு: வாழ்க்கை வரலாறு எழுதப் புகும் இளையவருக்கு ஒரு கடிதம்



நீதிபதி ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுத முற்படும் இளையவருக்கு எதிர்ப்படும் முதல் இடர், சான்று கிடைக்காமல் போவதைவிட, ஒரே வகைச் சான்று அளவுக்கு மிஞ்சிக் கிடைப்பதே ஆகும். நீதிபதி எழுதிய ஒவ்வொரு தீர்ப்பும் தொகுதி எண்ணோடும் பக்க எண்ணோடும் அச்சாகி நூலக அடுக்கில் வரிசையாக நிற்கிறது. அதே மனிதர் எந்த வீட்டில் வளர்ந்தார், யாருடைய உழைப்பில் உண்டு உடுத்தார், யாரிடம் கடன்பட்டார், எழுத வேண்டியது எழுத வராமல் தவித்த நாட்களில் அருகில் இருந்தவர் யார் என்பனவோ நீதிமன்றப் பதிவேட்டிலும் பழங்கடிதக் கட்டிலும் மனைவியின் கையெழுத்துப் பிரதியிலும் சிதறிக் கிடக்கின்றன. எளிதில் கிடைப்பதை மட்டும் கொண்டு எழுதப்படும் நூல் தீர்ப்புகளின் சுருக்கமாகவும், வீட்டுச் செய்தியை மட்டும் கொண்டு எழுதப்படும் நூல் குடும்பக் கதையாகவும் முடிந்துவிடுகின்றன. இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்து எழுதும் முறையை விளக்குவதற்கு, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1877 முதல் 1911 வரை ஏறத்தாழ 34 ஆண்டுகள் பணியாற்றிய ஜான் மார்ஷல் ஹார்லனின் வாழ்க்கையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது; ஆகவே இக்கடிதம் முழுவதும் அவரையும் அவருடைய குடும்பத்தையும் பற்றியே அமைகிறது.

ஹார்லன் 1833 ஜூன் 1 அன்று கென்டக்கி மாநிலத்தில், டேன்வில் என்னும் சிற்றூரை ஒட்டிய பகுதியில் பிறந்தார். அவர் பாயில் கவுண்டியில் பிறந்தார் என்றே பல நூல்கள் எழுதிச் செல்கின்றன. கவுண்டி என்பது மாநிலத்துக்குள் அடங்கிய நிர்வாகப் பிரிவு; ஆனால் பாயில் கவுண்டி உருவாக்கப்பட்டது 1842இல், அதாவது குழந்தைக்கு ஒன்பது வயது நிரம்பவிருந்தபோது அல்லது நிரம்பிய பின்னர்தான். இது சிறு செய்தியே என்றாலும், பிறப்புக் காலத்துப் பதிவேடுகளைத் தேடிச் செல்பவர் இன்றைய எல்லையை நம்பிச் சென்றால் தவறான அலுவலகத்தின் வாசலில் போய் நிற்பார் என்பதால், இடப்பெயர்களை அந்தந்த ஆண்டின் நிலவரப்படி சரிபார்ப்பது இளம் எழுத்தாளர் முதல் நாளிலிருந்தே பழக வேண்டிய ஒழுங்காகும்.

தந்தை ஜேம்ஸ் ஹார்லன் வழக்கறிஞர்; 1835 முதல் 1839 வரை நாடாளுமன்றமாகிய காங்கிரஸில் உறுப்பினராகவும், பின்னர் கென்டக்கியின் தலைமை வழக்கறிஞராகவும் இருந்தவர்; விக் கட்சியின் தலைவர் ஹென்றி கிளேயின் நெருங்கிய நண்பர். விக் கட்சி என்பது வலுவான மத்திய அரசு, சாலை, கால்வாய், வங்கி ஆகியவற்றை ஆதரித்து, 1850களின் நடுவில் அடிமைமுறைச் சிக்கலில் உடைந்து மறைந்த கட்சி. தம் மகன்களில் ஒருவருக்கு அத்தலைவரின் பெயரையும், மற்றொருவருக்குத் தலைமை நீதியரசர் ஜான் மார்ஷலின் பெயரையும் அவர் சூட்டியதைக் கொண்டு, அந்த வீட்டில் அரசியல் சட்டமும் ஒன்றுபட்ட நாடும் எவ்வளவு போற்றப்பட்டன என்று உணரலாம். அதே வீட்டில் அடிமைகளும் இருந்தனர். சமைத்தவர்களும் குழந்தைகளைத் தூக்கி வளர்த்தவர்களும் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர்களும் சட்டப்படி அக்குடும்பத்தின் உடைமைகள். பிற்காலத்தில் மருமகள் எழுதிய நினைவேட்டில் ஒரு காட்சி வருகிறது: ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குச் செல்லும் வழியில், விற்பனைக்காகச் சங்கிலியில் பிணைத்து ஓட்டிச் செல்லப்பட்ட அடிமைக் கூட்டம் ஒன்றைக் கண்ட ஜேம்ஸ், சாட்டையோடு நடந்த மேற்பார்வையாளனை நோக்கி விரல் நீட்டி, கடுஞ்சொல்லால் வைதுவிட்டு அப்பால் சென்றார் என்பது அது. இந்தக் காட்சியை எடுத்தாளும் எழுத்தாளர், அடிமை வணிகனை வெறுத்தவர் தாமும் அடிமைகளை வைத்திருந்தார் என்ற அடுத்த வாக்கியத்தை அதே பத்தியில், அதே அழுத்தத்தோடு எழுத வேண்டும். அதை அடுத்த அத்தியாயத்துக்குத் தள்ளினால், படிப்பவர் மனத்தில் முதல் காட்சி மட்டுமே தங்கி, பொய் ஒன்றும் சொல்லாமலே பொய்யான சித்திரம் ஒன்று உருவாகிவிடும்.

அந்த வீட்டில் வளர்ந்தவர்களுள் ராபர்ட் ஹார்லன் என்பவரும் ஒருவர். 1816இல், அதாவது ஜானுக்கு ஏறத்தாழ 17 ஆண்டுகள் முன்பு, அடிமைப் பெண் ஒருவருக்குப் பிறந்தவர்; வெளுத்த நிறமுடையவர்; சிறுவயதிலேயே ஜேம்ஸ் ஹார்லனின் வீட்டில் சேர்ந்தவர். ஜேம்ஸ் அவரை உள்ளூர்ப் பள்ளியில் சேர்க்க முயன்றதாகவும், கறுப்பினக் கலப்புடையவர் என்று தெரிந்ததும் பள்ளி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டதாகவும், பின்னர் அவர் வீட்டிலேயே எழுதப் படிக்கக் கற்றதாகவும் செய்தி உண்டு. சட்டப்படி அடிமையாக இருந்தபோதே முடிதிருத்தும் கடையும் மளிகைக் கடையும் நடத்தியவர், குதிரைப் பந்தயத்தில் தேர்ந்தவர், கலிஃபோர்னியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டபோது அங்கே சென்று பெரும்பொருள் ஈட்டிவந்தவர். 1848இல் ஜேம்ஸ் ஹார்லன் ஃபிராங்க்லின் கவுண்டி நீதிமன்றத்தில் அவருக்கு விடுவிப்பு ஆவணம் பதிவுசெய்தார். விடுவிப்பு என்பது உடைமையாளர் தம் அடிமையின்மீது கொண்டிருந்த உரிமையைக் கைவிட்டு, அவரைச் சுதந்திர மனிதராக அறிவிக்கும் சட்டச் செயல். அதன்பின் ராபர்ட் ஒஹாயோ ஆற்றின் வடகரையிலுள்ள சின்சினாட்டி நகரில் குடியேறி, வீட்டுமனைகளில் முதலிட்டு, சில ஆண்டுகள் இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகள் ஓட்டித் திரும்பி, குடியரசுக் கட்சியின் கறுப்பினத் தலைவர்களுள் ஒருவராக உயர்ந்து, 1886இல் ஒஹாயோ சட்டமன்றத்துக்குள் உறுப்பினராக நுழைந்தார். கறுப்பினத்தவரை ஒதுக்கிவைத்த அம்மாநிலத்தின் எஞ்சிய சட்டங்கள் நீக்கப்பட்ட காலம் அது.

ராபர்ட் யார் என்னும் கேள்வி வரும் இடத்தில் தமிழில் எழுதுபவர் மொழியிலேயே முதல் தடுமாற்றத்தைச் சந்திப்பார். தந்தை ஒருவராகவும் தாய் வேறாகவும் உடைய உடன்பிறப்பைச் சிலர் ‘ஒன்றுவிட்ட சகோதரர்’ என்று எழுதிவிடுகின்றனர். தமிழ் உறவுமுறையில் அச்சொல் பெரியப்பா, சித்தப்பா மக்களைக் குறிப்பதால், படிப்பவர் ராபர்ட்டை வேறு கிளையில் கொண்டுபோய் வைத்துவிடுவார். ‘ஜேம்ஸுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்த மூத்த மகன் என்று கருதப்பட்டவர்’ என்று நீட்டி எழுதுவதே நேர்மையானது. ‘கருதப்பட்டவர்’ என்ற சொல்லையும் விட்டுவிடலாகாது. ஜேம்ஸ் பிறந்தது 1800இல் என்பதால், ராபர்ட் பிறந்தபோது அவருக்கு வயது 16 அளவே. பிற்காலத்தில் இரு கிளைகளின் வழித்தோன்றல்களிடையே செய்யப்பட்ட மரபணுச் சோதனை இரத்த உறவை உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் ராபர்ட்டின் வாழ்நாளில் சின்சினாட்டியில் பலர் அவ்வுறவை நம்பினர். ஜேம்ஸ் அவரை மற்ற அடிமைகளைப்போல நடத்தவில்லை. ராபர்ட்டுக்கும் ஜானுக்கும் இடையே அரசியல் தொடர்பும் கடிதப் போக்குவரத்தும் இருந்தன. இரத்த உறவு இல்லை என்று ஆய்வுக்கூடம் சொன்ன பிறகு ராபர்ட்டை நூலிலிருந்தே நீக்கிவிட எண்ணுபவர், ஒரே கூரையின்கீழ் வளர்ந்த ஒருவர் தம் நிறத்தால் பள்ளி வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட செய்தி அக்குடும்பம் அறிந்திருக்கக்கூடிய செய்தி என்பதை மறக்கிறார். குடும்பம் என்பது இரத்தத்தோடு முடிவதன்று. ஒரு வீட்டுக்குள் யார் யாருடன் எந்த நிலையில் வாழ்ந்தனர் என்பதும் குடும்ப வரலாறே.

ஜானின் இளமைக்கால அரசியலை எழுதும்போது இளம் எழுத்தாளருக்குத் தயக்கம் ஏற்படக்கூடும். ஏனெனில் பிற்காலத்தில் போற்றப்பட்ட நீதியரசரோடு அது பொருந்தாது. டேன்விலில் உள்ள சென்டர் கல்லூரியில் 1850இல் பட்டம் பெற்று, லெக்ஸிங்டனில் உள்ள டிரான்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, 1853இல் வழக்கறிஞரானார். விக் கட்சி சிதைந்தபின், கத்தோலிக்கரையும் குடியேறிகளையும் எதிர்த்த கட்சியில் சேர்ந்து அதற்கான உறுதிமொழியும் எடுத்தார். 1859இல் காங்கிரஸ் தேர்தலில் 67 வாக்குகளில் தோற்றார். உள்நாட்டுப் போர் மூண்டபோது ஒன்றியத்தின், அதாவது நாடு பிளவுபடலாகாது என்ற அணியின், பக்கம் நின்று, கென்டக்கியின் 10ஆம் காலாட்படைப் பிரிவைத் திரட்டி அதன் கர்னலாகப் போரிட்டார். 1863இல் தந்தை இறந்ததும் பதவி விலகி ஊர் திரும்பி, அதே ஆண்டில் தந்தை முன்பு வகித்த தலைமை வழக்கறிஞர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒன்றியத்துக்காக உயிரைப் பணயம் வைத்த அவர், அடிமைகளை விடுவித்த அதிபர் லிங்கனின் பிரகடனத்தைக் கண்டித்தார். அடிமைமுறையை நாடு முழுவதும் ஒழித்த 13ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தையும் எதிர்த்தார். 1865 டிசம்பரில் அத்திருத்தம் நடைமுறைக்கு வந்து சட்டம் வலிந்து விடுவிக்கும்வரை தம் அடிமைகளைத் தாமே விடுவிக்கவில்லை.

பிறகு அவர் மாறினார். 1868 வாக்கில் குடியரசுக் கட்சியில் சேர்ந்து, 1871இலும் 1875இலும் அக்கட்சியின் சார்பில் கென்டக்கி ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டு இருமுறையும் தோற்றார். அவர் முன்பு சொன்னதும் இப்போது சொல்வதும் முரண்படுகின்றன என்று எதிரணியினர் மேடைதோறும் சுட்டிக்காட்டியபோது, முரணை மறுக்காமல், முன்பு கொண்ட கருத்து தவறு என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். இந்த மாற்றத்துக்குக் காரணம் என்ன என்பதே ஹார்லனைப் பற்றி எழுதிய எல்லோரையும் அலைக்கழித்த கேள்வி. விக் கட்சி அழிந்தபின் ஒன்றிய ஆதரவாளர் ஒருவர் கென்டக்கியில் நிற்பதற்கு வேறு இடம் இல்லாமற்போனது ஒரு காரணம். போருக்குப்பின் முகமூடிக் கும்பல்கள் விடுதலை பெற்ற கறுப்பினத்தவர்மீது நடத்திய கொலைகளும் கசையடிகளும் மற்றொரு காரணம். பிரஸ்பிட்டீரியன் சபையின் மூப்பராக இருந்த அவருடைய சமய நம்பிக்கையும், அவருடன் சேர்ந்து தொழில் நடத்திய வழக்கறிஞர் பெஞ்சமின் பிரிஸ்டோவின் நட்பும், ராபர்ட்டின் வாழ்க்கை கண்முன் நின்றதும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதுவே திறவுகோல் என்று முன்னுரையில் அறிவித்துவிட்டு, மற்றவற்றை அதற்கு இணங்க வளைக்கும் ஆசை இளம் எழுத்தாளரை விடாது துரத்தும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கலாகாது. மனிதர் 35 வயதில் கட்சி மாறும்போது வயிற்றுப்பாடும் மனச்சான்றும் நண்பரின் சொல்லும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன; எது முதலில் வந்தது என்பதை ஆண்டு வரிசையால் மட்டுமே காட்ட இயலும். ஆகவே காரணங்களைத் தேடும் முன் 1865 முதல் 1871 வரையிலான ஆறு ஆண்டுகளை மாதம் மாதமாக அட்டவணையிட்டு, எந்தப் பேச்சு எந்த நிகழ்ச்சிக்கு முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று எழுதிக்கொள்வதே முறையான தொடக்கம்.

இனி, நினைவேட்டை எழுதிய அந்த மருமகளிடம் வர வேண்டும். மால்வினா ஷாங்க்லின், ஒஹாயோ ஆற்றின் வடகரையில், அடிமைமுறைக்கு இடமில்லாத இண்டியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் நகரில் வளர்ந்தவர். 1856 டிசம்பர் 23 அன்று ஜானை மணந்து, ஆற்றைக் கடந்து அடிமைகள் வாழும் வீட்டுக்கு மருமகளாக வந்தார். திருமணம் முடிந்து பதினொரு வாரங்கள்கூட ஆகாத நிலையில், 1857 மார்ச் 6 அன்று, தலைமை நீதியரசர் ரோஜர் டேனி, டிரெட் ஸ்காட் வழக்கில் ஆப்பிரிக்க வழியினர் அமெரிக்கக் குடிமக்களாக இயலாது என்று தீர்ப்பளித்தார். கணவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழிந்து, 1915இல் மால்வினா தம் நினைவுகளை எழுதி முடித்து, அடுத்த ஆண்டு காலமானார். அப்பிரதி காங்கிரஸ் நூலகத்தில் ஹார்லன் ஆவணங்களோடு பல பத்தாண்டுகள் அச்சேறாமல் கிடந்தது. நீதியரசர்களின் மனைவியரைப் பற்றி உரை தயாரித்துக்கொண்டிருந்த நீதியரசர் ரூத் பேடர் கின்ஸ்பர்க் அதைப் படித்து, வெளியிட ஆள் தேடி முயன்றதன் பயனாக, 2001இல் உச்ச நீதிமன்ற வரலாற்றுக் கழகத்தின் இதழிலும் 2002இல் தனி நூலாகவும் வெளிவந்தது. நீதியரசரின் வீட்டைப் பற்றி இன்று அறியப்படுவனவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு பெண்மணி முதுமையில் உட்கார்ந்து எழுதியதால் கிடைத்ததே.

அந்த நினைவேட்டில் புகழ்பெற்ற பகுதி மைக்கூட்டைப் பற்றியது. டிரெட் ஸ்காட் தீர்ப்பை எழுத டேனி பயன்படுத்திய மைக்கூடு பழம்பொருளாக ஹார்லனின் கைக்கு வந்திருந்தது. விருந்து ஒன்றில் சந்தித்த ஒஹாயோ செனட்டர் ஜார்ஜ் பெண்டில்டனின் மனைவி, டேனிக்கு உறவினர் என்பதை அறிந்த ஹார்லன், அதை அவருக்கே கொடுத்துவிடுவதாக வாக்களித்தார். கணவர் இவ்வளவு எளிதில் அதைக் கைவிடுவதை விரும்பாத மால்வினா அதை ஒளித்துவைத்துவிட்டார். தேடியும் கிடைக்காததால் ஹார்லனும் மறந்துவிட்டார். 1883இல் பொது உரிமை வழக்குகளில் மற்ற எட்டு நீதியரசர்களும் ஒருபுறமாகவும் ஹார்லன் தனியாகவும் நின்றபோது, எழுத வேண்டிய கருத்து மனத்தில் நிறைந்திருந்தும் சொற்கள் வராமல் அவர் பல வாரங்கள் தவித்தார். ஒரு ஞாயிறு காலை, அவர் தேவாலயத்துக்குச் சென்றிருந்தபோது, மால்வினா அந்த மைக்கூட்டை வெளியே எடுத்துத் துலக்கி, மை நிரப்பி, மேசைமேல் மற்ற மைக்கூடுகளை அகற்றிவிட்டு அதை மட்டும் வைத்தார். திரும்பிவந்து அதைக் கண்ட ஹார்லனின் பேனா அதன்பின் தடையின்றி ஓடியது என்கிறார் மால்வினா.

இத்தகைய நிகழ்ச்சி கையில் கிடைத்ததும் அதையே நூலின் முதல் பக்கத்தில் வைக்க எந்த எழுத்தாளருக்கும் கை துடிக்கும். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நிகழ்ச்சி 1883இல் நடந்தது, எழுதப்பட்டது 1915இல், இடையே 32 ஆண்டுகள், சொல்பவர் மனைவி, அவரைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆகவே கதையின் மையத்தைச் சோதிக்க இயலாவிட்டாலும் அதன் ஓரங்களைச் சோதிக்கலாம். பெண்டில்டன் செனட்டராக இருந்தது 1879 முதல் 1885 வரை. எனவே காலம் பொருந்துகிறது. அவருடைய மனைவி, அமெரிக்க தேசிய கீதத்தை எழுதிய பிரான்சிஸ் ஸ்காட் கீயின் மகள். டேனி மணந்தது கீயின் சகோதரியை. எனவே உறவும் பொருந்துகிறது. பெரும்பான்மைத் தீர்ப்பு 1883 அக்டோபர் 15 அன்று அறிவிக்கப்பட்டும், ஹார்லனின் எழுத்து சில வாரங்கள் கழித்தே தாக்கல் ஆனது. எனவே எழுத முடியாமல் தவித்ததும் பொருந்துகிறது. மூன்று ஓரங்களும் உறுதியாக நிற்கும்போது, நடுப்பகுதியை ‘மால்வினா நினைவுகூர்ந்தபடி’ என்ற அடையோடு எடுத்தாள்வதில் குற்றமில்லை. அந்த அடை இல்லாமல் எடுத்தாள்வது குற்றம். இதே பெண்மணியின் நினைவேட்டில் ராபர்ட் ஹார்லனின் பெயர் ஓரிடத்தில்கூட வரவில்லை என்பதையும் அருகிலேயே குறிப்பிட வேண்டும். மாமனாரின் அறச்சீற்றத்தையும் மைக்கூட்டையும் அவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருந்தவர் ராபர்ட்டைப் பற்றி வாய்திறக்கவில்லை என்றால், அந்த மௌனத்தையும் சான்றாகவே எண்ணி, அது இன்ன இடத்தில் இருக்கிறது என்று படிப்பவருக்குக் காட்டுவது எழுத்தாளரின் கடமை.

அந்த வழக்குகளின் சட்டப் பொருளையும் சுருக்கமாகவேனும் விளக்காமல் நூல் நகரக்கூடாது. விடுதி, இரயில், படகு, நாடக அரங்கு ஆகியவற்றில் நிறத்தின்பேரில் எவரையும் தடுக்கலாகாது என்று 1875இல் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. நீதியரசர் ஜோசப் பிராட்லி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு, சட்டத்தின் சமப் பாதுகாப்பை உறுதிசெய்த 14ஆம் திருத்தம் மாநில அரசுகளைக் கட்டுப்படுத்துமேயன்றித் தனிமனிதர்களைக் கட்டுப்படுத்தாது என்று கூறி அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. தீர்ப்பின் முடிவோடு உடன்படாத நீதியரசர் தம் காரணங்களைத் தனியே எழுதிச் சேர்ப்பது மாறுபட்ட தீர்ப்பு எனப்படும். அதற்குச் சட்ட வலிமை இல்லை, பிற்கால நீதிபதிகளின் மனத்தை மாற்றும் வலிமை மட்டுமே உண்டு. ஹார்லன் தம் மாறுபட்ட தீர்ப்பில், இரயிலும் விடுதியும் அரசு அளித்த உரிமத்தால் பொதுமக்களுக்காக இயங்குபவை ஆதலால் அவை வெறும் தனிமனிதர்கள் ஆகா என்றும், 13ஆம் திருத்தம் சங்கிலியை மட்டுமன்றி அடிமைமுறை விட்டுச்சென்ற இழிவின் அடையாளங்களையும் அகற்றும் அதிகாரத்தைக் காங்கிரஸுக்கு வழங்குகிறது என்றும் வாதிட்டார். அத்திருத்தத்தையே ஒருகாலத்தில் எதிர்த்தவர் இவர் என்பதை இந்த இடத்தில் எழுத்தாளர் மீண்டும் நினைவூட்டினால், வாதத்தின் கனம் இன்னும் கூடும்.

அடுத்தது, எல்லோரும் அறிந்த பிளெஸ்ஸி வழக்கு. லூசியானா மாநிலம் 1890இல் இரயிலில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனிப் பெட்டிகளைக் கட்டாயமாக்கியது. 1892இல் ஹோமர் பிளெஸ்ஸி திட்டமிட்டு வெள்ளையர் பெட்டியில் ஏறிக் கைதானார். 1896 மே 18 அன்று ஏழு நீதியரசர்கள் அச்சட்டம் செல்லும் என்றனர், ஹார்லன் ஒருவர் மட்டும் செல்லாது என்றார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ஹென்றி பிரௌன் அடிமைமுறை இல்லாத மாசசூசெட்ஸில் பிறந்தவர் என்பதும், எதிர்த்து எழுதியவர் அடிமைகளின் உடைமையாளராக இருந்தவர் என்பதும், பிறப்பிடத்தைக் கொண்டு மனிதரைக் கணிக்கும் சோம்பலுக்கு நல்ல மருந்து. ஹார்லனின் மாறுபட்ட தீர்ப்பில் அரசியல் சட்டத்துக்கு அவர் சூட்டிய அடைமொழியைச் சிலர் ‘நிறக்குருடு’ என்று தமிழாக்குகின்றனர். தமிழில் அது கண் மருத்துவர் சொல்லும் குறைபாட்டின் பெயர். அவர் கருதியது குறைபாட்டை அன்று, வேண்டுமென்றே மேற்கொள்ளும் ஒழுக்கத்தை. ஆதலால் ‘நிறம் பாராதது’ என்பதே பொருந்தும். சாதி பாராத வீடு, முகம் பாராத நீதி என்னும் வழக்குகள் தமிழில் இருக்கும்போது மருத்துவச் சொல்லைக் கடன்வாங்கத் தேவையில்லை.

ஆனால் அந்த அடைமொழி இடம்பெறும் வாக்கியம் தனியாக நிற்கவில்லை. அதற்குச் சற்று முன்னர், கௌரவத்திலும் கல்வியிலும் செல்வத்திலும் வெள்ளையினமே இந்நாட்டில் ஆதிக்க இனம் என்றும், தன் மரபுக்கு உண்மையாக இருந்தால் என்றும் அப்படியே இருக்கும் என்றும் ஹார்லன் எழுதுகிறார். இரண்டு பக்கங்கள் தள்ளி, சீனர் இந்நாட்டவரிடமிருந்து மிகவும் வேறுபட்டவர், குடியுரிமைக்கு இடமளிக்கப்படாதவர், அத்தகையவர்கூட வெள்ளையர் பெட்டியில் பயணம் செய்யலாம், ஒன்றியத்துக்காகப் போரிட்ட கறுப்பினக் குடிமகனோ செய்ய முடியாது என்கிறார். 1898இல் அமெரிக்க மண்ணில் பிறந்த சீனத் தம்பதியரின் மகன் வோங் கிம் ஆர்க் பிறப்பால் குடிமகனே என்று நீதிமன்றம் தீர்த்தபோது, மறுத்த இருவருள் ஹார்லனும் ஒருவர். 1899இல் ஜார்ஜியாவின் ரிச்மண்ட் கவுண்டி நிர்வாகம், வெள்ளைச் சிறுமியருக்கு உயர்நிலைப் பள்ளியை நடத்திக்கொண்டே கறுப்பினத்தவரின் ஒரே பொது உயர்நிலைப் பள்ளியை மூடியதை எதிர்த்துப் பெற்றோர் தொடுத்த வழக்கில், அவர்களுக்கு எதிரான ஒருமனதான தீர்ப்பை எழுதியவரும் அவரே. இந்தத் தீர்ப்பை அடிக்குறிப்பில் ஒதுக்கும் நூல்கள் உண்டு. அவ்வாறு ஒதுக்குவது ஹார்லனைக் காப்பாற்றுவதாக எண்ணும் அன்பின் பிழை. பிளெஸ்ஸி வழக்கின் துணிவு உண்மையானது. மூடப்பட்ட பள்ளியின் வாசலில் நின்ற மாணவரின் இழப்பும் உண்மையானது. இரண்டையும் ஒரே கையே எழுதியது.

பிள்ளைகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை என்றாலும், அறவே விடவும் கூடாது. ஆறு பிள்ளைகளுள் மூத்தவராகிய எடித், மணமான சிறிது காலத்திலேயே, 1882இல் ஒரு பெண் குழந்தையை விட்டுவிட்டு இறந்தார்; பேத்தி தாத்தா பாட்டியின் வீட்டிலேயே வளர்ந்தாள். மைக்கூட்டு நிகழ்ச்சி நடந்தது இந்தத் துயரத்துக்கு அடுத்த ஆண்டில் என்பதை நாட்காட்டியைக் கையில் வைத்திருக்கும் எழுத்தாளர் மட்டுமே கவனிப்பார். மகன்களுள் ரிச்சர்ட் சமயகுருவாகவும் கல்லூரித் தலைவராகவும், ஜேம்ஸ் புவெர்ட்டோ ரிக்கோவின் தலைமை வழக்கறிஞராகவும் பின்னர் மாநிலங்களிடை வணிக ஆணையத்தின் உறுப்பினராகவும், ஜான் மேனார்டு சிகாகோவில் வழக்கறிஞராகவும் நகர்மன்ற உறுப்பினராகவும் விளங்கினர். நீதியரசர்களின் ஆண்டு ஊதியம் அப்போது 10,000 டாலர். மூன்று மகன்களைப் பிரின்ஸ்டனில் படிக்கவைத்த குடும்பத்துக்கு அது போதவில்லை. எனவே ஹார்லன் 1889 முதல் வாஷிங்டனில் கொலம்பியன் பல்கலைக்கழகத்தில் மாலை நேரங்களில் சட்டம் கற்பித்தார். 1897-98 கல்வியாண்டில் அவர் நடத்திய வகுப்புகளை மாணவர்கள் சொல்லுக்குச் சொல் பதிவுசெய்து வைத்தனர். பணமுடை இல்லாதிருந்தால், அவருடைய பேச்சுக் குரலைக் காட்டும் இந்தச் சான்று பிறந்தேயிராது. ஜான் மேனார்டின் மகன், தாத்தாவின் பெயரையே தாங்கியவர், 1955 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தார். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று தீர்த்த பிரௌன் வழக்கின் முதல் தீர்ப்பு அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. அதை நடைமுறைப்படுத்தும் விதத்தை வகுத்த, 1955 மே 31 நாளிட்ட ஒருமனதான இரண்டாம் தீர்ப்பில்தான் பேரன் பங்குகொண்டார். இந்த வேறுபாட்டைக் கவனியாமல், தாத்தாவின் கனவைப் பேரன் தம் கையால் நிறைவேற்றினார் என்று எழுதிவிடுவது எளிது, அழகாகவும் இருக்கும், அது பிழை.

மூத்த ஹார்லன் 1911 அக்டோபர் 14 அன்று வாஷிங்டனில் காலமானார். அவரைப் பற்றி எழுதத் துணியும் இளையவர், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் 163ஆம் தொகுதியில் 552ஆம் பக்கம் தொடங்கும் மாறுபட்ட தீர்ப்பையும், 175ஆம் தொகுதியில் 528ஆம் பக்கம் தொடங்கும் ரிச்மண்ட் கவுண்டித் தீர்ப்பையும் ஒரே நாளில், அடுத்தடுத்து, ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். அதற்கு முன்பாக, ஃபிராங்க்லின் கவுண்டி நீதிமன்றத்தில் 1848இல் பதிவான விடுவிப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதிவைக்கட்டும். எழுதப்படவிருக்கும் நூலின் முதல் பத்தியாக அதுவே அமையட்டும்.